ஓரம் தெரியாமல் போனது

என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற ஆண்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்பேன். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் வந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தும். "அண்ணாச்சி, உங்களுக்கு அந்தப் பிரச்சினை இருந்துச்சாமே. என்ன மருந்து சாப்ட்டீங்க?" எந்தப் பிரச்சினை என்று நான் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. ஒவ்வொருவரிடமும் நின்று முழுதாகச் சொல்ல எனக்குத் தெம்பு போதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் முருகேசன். தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தேன். கட்டியிருப்பது மாமன் மகள் கோமதியை. ஒரே பெண் சுபா, பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்குப் பிறகு இன்னொன்று வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே ஆசை இருந்தது. நடக்கவில்லை. அதற்காகக் கோமதிதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். அவளுக்குத்தான் ஸ்கேன், அவளுக்குத்தான் மாத்திரை. என்னைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. முதல் பிள்ளைதான் பிறந்துவிட்டதே.

நாற்பது வயதைத் தாண்டியபோது உடம்பு என்னை விட்டு நழுவுவது போல இருந்தது. நோய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. டிரிப் முடித்து வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றக்கூட மனம் வராது. ஏணி வைத்து பஸ் மேல் ஏறிய காலம் போய், டிரைவர் சீட்டில் ஏறுவதற்கே கம்பியைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்தவன், வாரம் ஒருமுறை செய்தால் போதும் என்ற நிலைக்கு வந்தேன். நேரம் மிச்சம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கோமதியின் மேல் ஆசை இல்லாமல் போயிற்று. கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. தாகமே எடுக்காதவன் தண்ணீரைப் பார்ப்பது போலத்தான். அவள் பக்கத்தில் படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். முதலில் இரண்டொரு தடவை என்ன என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்பதை அவள் விட்டதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இன்னொன்றும் நடந்தது. அதை எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு வெயில் நாளில் காக்கிச் சட்டையில் மார்புப் பக்கம் மட்டும் வட்டமாக நனைந்திருந்தது. வேர்வை என்று நினைத்தேன். குளியலறையில் அழுத்திப் பார்த்தபோது பால் போல ஒரு சொட்டு வந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றேன். ஆணுக்குப் பால் வருமா? யாரிடம் போய்க் கேட்பது? அன்றிலிருந்து இரண்டு பனியன் போட ஆரம்பித்தேன். துவைக்கிற துணியில் கோமதி கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பனியனை நானே கசக்கிப் போட்டேன். புருஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் அக்கம்பக்கத்தில் சொன்னாளாம்.

கோமதியின் தம்பி செந்தில் வடகரையில் சின்னதாக ஒரு ஜிம் நடத்துகிறான். என் வாட்டத்தை முதலில் வாய்விட்டுக் கேட்டவன் அவன்தான். "அத்தான், ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம். வெக்கப்படாதீங்க" என்று லேபுக்கு அழைத்துப் போனான். டெஸ்டோஸ்டீரோன் குறைவு என்று வந்தது. அது ஆணின் விரைகளில் சுரக்கும் ஹார்மோன். மீசை தாடிக்கும் தசைக்கும் எலும்பின் பலத்துக்கும் ஆசைக்கும் அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காகிதத்தில் அந்த எண்ணைப் பார்த்தபோது பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. என் சோர்வுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே.

"டாக்டர்ட்ட போவோமாலே?" என்று கேட்டேன்.

"போனா ஊசி போடுவாங்க அத்தான். ஊசி போட ஆரம்பிச்சா ஒடம்பு தானா சொரக்கதயும் நிறுத்திரும். நாம இயற்கையா ஏத்துவோம். நான் எத்தன பேர ஏத்திருக்கேன் தெரியுமா?"

அவன் பொய் சொல்லவில்லை. ஊசியைப் பற்றி அவன் சொன்னதும் பாதி உண்மைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவன் கேட்காமல் விட்டது ஒரே கேள்வி. ஏன் குறைந்தது?

அதிலிருந்து என் வாழ்க்கை மாறியது. செங்கோட்டைப் பக்கத்து பார்டர் கடைப் பரோட்டாவை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்த குடியை விட்டேன். காலையில் முட்டை, மத்தியானம் முருங்கைக்கீரை, சாளை மீன், சாயங்காலம் கை நிறையப் பூசணி விதை, படுக்கும்முன் பாலில் அமுக்கரா மூலிகைப் பொடி. இளவெயிலில் நடை. ஜிம்மில் எடை தூக்கல். செல்போனை அணைத்துவிட்டு நேரத்தோடு தூக்கம். ஞாயிறு விடிந்ததும் செந்திலின் பைக்கில் குற்றாலத்துக்குப் போய் அருவியில் குளியல். குளிர்ந்த தண்ணீர் ஆண்மைக்கு நல்லது என்று எங்கோ பார்த்திருந்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நன்மையும் நடந்தது. தொப்பை கரைந்தது. எல்லையில் நின்ற சர்க்கரை இறங்கியது. குறட்டை குறைந்ததாகக் கோமதி சொன்னாள். ஆனால் கம்பியைப் பிடித்துத்தான் பஸ்ஸில் ஏறினேன். பனியனும் நனைந்துகொண்டுதான் இருந்தது. சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தபோது எண் முன்பைவிட இறங்கியிருந்தது. செந்தில் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒடம்பு பழகுது அத்தான். இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றான். முன்பிருந்த உறுதி அவன் குரலில் இல்லை.

நெற்றியின் பின்னால் ஒரு வலி குடியேறியது அந்தச் சமயத்தில்தான். வெயில் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் பாவூர்சத்திரத்தில், ஓரமாக நின்றிருந்த லோடு ஆட்டோவில் பஸ்ஸின் இடதுபக்கக் கண்ணாடி இடித்துச் சிதறியது. இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் போட்டவனில்லை நான். இரண்டு நாள் கழித்து, ஒரு அம்மா கூடையோடு வலதுபக்கமிருந்து ரோட்டைக் கடந்து வந்தாள். எனக்குத் தெரியவே இல்லை. கண்டக்டர் சேக் பாய் விடாமல் அடித்த விசிலில்தான் பிரேக்கை மிதித்தேன். பம்பருக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில் அவள் நின்றாள். கூடை கவிழ்ந்து கத்தரிக்காய் உருண்டது. பஸ்ஸில் எல்லோரும் கத்தினார்கள். அவள் மட்டும் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும் சேக் பாய் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். என்னைவிட மூத்தவர், வருஷக்கணக்காக என்னோடு ஓடியவர்.

"ஏலே முருகா, ஒனக்கு என்னதாம்லே ஆச்சு? அந்தப் பொம்பள வாரது பின்னால நிக்க எனக்குத் தெரியுது, முன்னால உக்காந்திருக்க ஒனக்குத் தெரியலியா?"

"கவனிக்கல பாய்."

"கவனிக்கலியா, கண்ணு தெரியலியா? திங்கக்கிழம கண்ணு டாக்டரப் பாரு. பாக்காம வண்டியில ஏறினேன்னு வையி, மொதலாளிட்ட நானே சொல்லிருவேன்."

வீட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் தெளிவாகத் தெரிந்தது. மறு கண்ணிலும் தெரிந்தது. எனக்கு ஒன்றும் இல்லை என்று தேற்றிக்கொண்டேன். நடுவில் இருப்பது நன்றாகத்தான் தெரிந்தது. இரண்டு பக்க ஓரமும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்ததை மூளை சொல்லவில்லை. இருட்டாகத் தெரிந்திருந்தால் பயந்திருப்பேன். இருட்டும் இல்லை. அங்கே எதுவுமே இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறு வழக்கம்போலக் குற்றாலம் போனோம். சீசன் முடிந்திருந்தது. ஐந்தருவியில் தண்ணீர் மெலிந்து இரண்டு பிரிவில் மட்டும் விழுந்தது. கூட்டம் இல்லை. தலையைக் கொடுத்து நின்ற சிறிது நேரத்தில், மண்டைக்குள் யாரோ வெடி வைத்தது போல இருந்தது. கல் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தலையைத் தடவிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். செந்தில் இரண்டு செந்திலாகத் தெரிந்தான். வலது கண்ணின் இமை தானாகக் கீழே இறங்கி மூடிக்கொண்டது. திறக்கச் சொன்னாலும் கேட்கவில்லை.

"அத்தான், என்னப் பாருங்க, என்னப் பாருங்க" என்று அவன் கத்தியது அருவிச் சத்தத்தில் தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. ஈரத் துணியோடு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான்.

தென்காசியில் சேர்த்த ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். அருவித் தண்ணீர் தலையில் அடித்ததால் வந்தது என்று கூட்டி வந்த செந்தில் சொன்னான். அவர் என் இமையைத் தூக்கி, ஒவ்வொரு கண்ணாகத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் விரலை வைத்து ஆட்டினார். "எப்போ தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார். நான் காத்திருந்தேன். விரல் கிட்டத்தட்ட என் மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தவர் கட்டிலருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குள் கோமதி வந்து கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"சவரம் பண்றது குறைஞ்சிருக்கா?"

"ஆமா."

"வீட்டுக்காரம்மா மேல ஆசை?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இல்ல டாக்டர்."

"மார்புல பால் மாதிரி ஏதாவது வருதா?"

இத்தனை மாதமாகத் துவைத்து மறைத்ததை அவர் நேரில் பார்த்தவர் போலக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். கோமதியின் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால் பெருவிரலை அவள் கை இறுக்கிப் பிடித்தது மட்டும் தெரிந்தது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மூளைக்கு அடியில், மூக்கின் மேல்முனைக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்குப் பிட்யூட்டரி என்று பெயர். உடம்பின் மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் உத்தரவு போடுவது அதுதான். விரைகளுக்கு டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கச் சொல்வதும் அதுதான். என்னுடையதில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை அது ஏராளமாகச் சுரந்துகொண்டிருந்தது. அந்த ஹார்மோன் ஏறினால் ஆண் ஹார்மோனுக்குப் போகிற உத்தரவு நின்றுவிடும். சுரப்பிக்கு நேர்மேலேதான் இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே போகின்றன. வளர்ந்த கட்டி அவற்றை அழுத்தியதில் ஓரப்பார்வை போயிற்று. அருவியில் நிற்கும்போது கட்டிக்குள் ரத்தம் கசிந்து திடீரென்று வீங்கிவிட்டது. உடனே ஒரு ஊசி போட்டு, ஆம்புலன்சில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள்.

அங்கே மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள். மண்டையைத் திறக்கவில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு ஆறுதல். விழித்தபோது மூக்கு முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தது. வாயால்தான் மூச்சு. நாக்கு மரக்கட்டையாகக் காய்ந்தது. மூக்கைச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்றார்கள். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகினாலோ தொண்டையில் உப்புக் கரித்தாலோ உடனே சொல்ல வேண்டுமாம். மூளையைச் சுற்றியிருக்கிற நீர் கசிகிறது என்று அர்த்தம். எச்சில் விழுங்கும்போதெல்லாம் உப்புக் கரிக்கிறதா என்று ருசி பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

பிறகு தாகம் தொடங்கியது. எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். குடித்ததெல்லாம் சிறுநீராகப் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரை உடம்பில் நிறுத்தி வைக்கிற உத்தரவும் அந்தச் சுரப்பியிலிருந்துதான் வருமாம். கோமதி பிளாஸ்டிக் ஜக்கில் சிறுநீரை அளந்து அளந்து நர்ஸிடம் சொன்னாள். ஒருமுறை பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவள் ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "ரெண்டு பனியன் போட்டது அந்தப் பால மறைக்கத்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"என்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

"என்னன்னு சொல்ல?"

அவள் ஜக்கை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "நான் வேற யாரோ இருக்காளோன்னு நெனச்சேன்" என்றாள். மூக்கடைப்பில் என்னால் அழக்கூட முடியவில்லை.

சேக் பாய் வாராவாரம் லீவு போட்டு வந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கட்டிலருகில் உட்கார்ந்து, அந்த வாரம் பஸ்ஸில் நடந்ததை ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்வார். அத்தியூத்தில் காலேஜ் பிள்ளைகள் சண்டை போட்டது, புது டிரைவர் கியர் மாற்றினால் பல்லைக் கடிக்கிற சத்தம் வருவது. "வண்டி ஒன்னயத்தாம்லே கேக்குது" என்பார். இனி அந்த வண்டியை ஓட்டமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அவர் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் முழுதாக மூச்சு விட்டது அப்போது மட்டும்தான்.

செந்தில் வார்டுக்குள் வரவில்லை. வராண்டாவிலேயே கிடந்தான். சாப்பாடு வாங்கி வந்து அக்காளிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். ஜிம்மைப் பூட்டிவிட்டான். ஒருநாள் பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது அவன் காதில் விழட்டும் என்றே கேட்டேன். "டாக்டர், எக்சர்சைஸ், மூலிகைப் பொடி, அருவிக் குளியல் இதனால எல்லாம் இது வந்துச்சா?"

அந்தம்மா கதவோரம் நின்ற செந்திலையும் பார்த்தார். "கட்டி ரொம்ப வருஷமா வளந்திருக்கு. அருவியில ரத்தம் கசிஞ்சது பஸ்ஸிலயும் கசிஞ்சிருக்கலாம். தூக்கம், எடை, சாப்பாடு, உடற்பயிற்சி, குடி இல்லாம இருக்கறது எல்லாம் நல்ல விஷயம்தான். எடை கூடுனதால, தூக்கம் கெட்டதால குறையிற ஆளுங்களுக்கு இதுலயே ஏறும். உங்களுக்கு ஏற வழியே இல்ல, ஏன்னா மேலருந்து உத்தரவே வரல. ஆனா எடையும் சர்க்கரையும் குறைஞ்சு வந்ததால எங்களுக்கு ஆபரேஷன் சுலபமாச்சு. பொடி மட்டும் என்ன கலந்ததுன்னு தெரியாம சாப்பிடாதீங்க."

திரும்பும்போது செந்திலிடம் நின்றார். "தம்பி, இனிமே யாருக்காவது இந்த ஹார்மோன் குறைச்சலா இருந்தா, காலையில வெறும் வயித்துல இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க. அப்பவும் குறைச்சல்னா ஏன்னு டாக்டர்ட்ட கேக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் முட்ட குடுங்க." அவன் தலையாட்டினான். வராண்டாவுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுததைக் கோமதி சொல்லித்தான் அறிந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் பார்வைச் சோதனைக்காக மறுபடி திருநெல்வேலிக்குப் போனோம். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். வெகுநேரம் ஒன்றுமே வராத இடைவெளிகள் இருந்தன. அவைதான் நான் இழந்த இடங்கள். இடதுபக்கம் ஓரளவு திரும்பியிருந்தது. வலதுபக்க ஓரம் இனி வராது. "பஸ், லாரி எல்லாம் வேண்டாம்" என்றார்கள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள். சுரப்பியும் பெரும்பகுதி செத்துவிட்டது. அதனால் காலையிலும் மத்தியானமும் ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு மாத்திரை, டெஸ்டோஸ்டீரோன் ஊசி. மிச்சமிருக்கும் கட்டி வளராமல் இருக்க வாரத்தில் இரண்டு நாள் வேறொரு மாத்திரை. ஸ்டீராய்டை ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது. விட்டால் உயிருக்கே ஆபத்து. இதை எழுதிய அட்டை ஒன்று என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது.

எல்லாம் சொல்லி முடித்துப் பெரிய டாக்டர் பேனாவை மூடினார். கோமதி கேட்டாள்.

"டாக்டர், அப்போ ரெண்டாவது பிள்ள தங்காதது?"

"இதனாலதாம்மா. கட்டி அப்பவே இருந்திருக்கணும்."

"அப்போ என்கிட்ட கொற இல்லியா?"

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா."

ஆம்புலன்சிலும் ஆபரேஷன் வாசலிலும் ஜக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களிலும் அழாதவள், அந்த அறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிள்ளைக்கு வேறு வகை ஊசிகள் உண்டு, நெடுநாள் போட வேண்டும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கோமதி வேண்டாம் என்று தலையை அசைத்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்று நான் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள்.

இப்போது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கிறேன். முதலாளி கொடுத்த வேலை. என் பஸ் புறப்படும்போது நேரத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வேன். யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டால் இதைத்தான் சுருக்கிச் சொல்கிறேன். நன்றாகத் தூங்கு, நடந்து போ, குடிக்காதே. அதெல்லாம் சரிதான். ஆனால் தலைவலி இருந்தால், ஓரம் தெரியாவிட்டால், சவரம் குறைந்தால், சொல்லக் கூசுகிற இன்னொன்று நடந்தால், அதை முதலில் டாக்டரிடம் சொல். வீட்டில் இருப்பவளிடமும் சொல். பலர் முழுதாகக் கேட்பதில்லை. பொடியின் பெயரைத்தான் கேட்கிறார்கள்.

ஊசி போட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தாடி முளைத்தது. சுபாவைத் தூக்க முடிந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் கோமதி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுபா பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். எனக்குக் கோமதிமேல் பிரியம் பொங்கி வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு நானாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன்.

அவள் பதறிப்போய்த் துணியைக் கீழே போட்டாள். "என்ன செய்யுது? தல வலிக்கா? மாத்திர எடுக்கவா?" என்று எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"ஒண்ணும் செய்யல" என்றேன்.

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் அவள் விரல்கள் என் மணிக்கட்டில் நாடி பார்ப்பது போலவே இருந்தன.